ஜெர்மனில் 'இல்லை' சொல்வது எப்படி? வாசகர் கேள்வி பதில்

ஜெர்மன் படிக்கத் தொடங்கியவர்கள் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டே விஷயம்தான்: மறுத்துப் பேசுவது எப்படி, கேள்வி கேட்பது எப்படி. சரி, இந்த முறை முழுக்க அதற்கே ஒதுக்கிவிடலாம்.

ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், அதனால் உச்சரிப்பு பற்றி முதலிலேயே ஒரு வார்த்தை. 'இஹ்' (நான்), 'நிஹ்ட்' இரண்டிலும் வரும் ஹ், 'ஹி' என்று சொல்ல வாயெடுத்துக் குரலை விட்டுவிட்டு மூச்சை மட்டும் விட்டால் வருவது. 'டொஹ்', 'பூஹ்' ஆகியவற்றில் வரும் ஹ் தொண்டையிலிருந்து லேசாகக் காறுவது போல இருக்கும். இதற்கு மேல் எழுத்தில் காட்ட முடியாது, காதால் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: "என்னிடம் புத்தகம் இல்லை" என்பதற்கு 'இஹ் ஹாபெ நிஹ்ட் பூஹ்' என்று எழுதினேன். ஆசிரியர் நிஹ்ட்டை அடித்துவிட்டு 'கைன்' என்று எழுதினார். இரண்டுக்கும் 'இல்லை' என்றுதானே பொருள்? தமிழில் இல்லை, அல்ல என்று இரண்டு இருப்பது மாதிரியா இது?

பதில்: அப்படித்தான் நானும் முதலில் நினைத்தேன், அழகாகப் பொருந்துகிறதே என்று சந்தோஷப்பட்டு இரண்டு வாரம் தப்புத் தப்பாக எழுதினேன். பொருந்தாது. "இது புத்தகம் அல்ல" என்றால் 'டஸ் இஸ்ட் கைன் பூஹ்'. "இது என் புத்தகம் அல்ல" என்றால் 'டஸ் இஸ்ட் நிஹ்ட் மைன் பூஹ்'. தமிழில் இரண்டும் அல்லதான், அங்கே ஒன்றில் கைன், இன்னொன்றில் நிஹ்ட். 'இல்லை'யும் அப்படியே: உங்களுடைய "புத்தகம் இல்லை"க்குக் கைன், "அவர் வீட்டில் இல்லை" என்பதற்கு 'எர் இஸ்ட் நிஹ்ட் ட்ஸு ஹவுஸெ'.

ஆகவே தமிழிலிருந்து நேராகத் தாவ வேண்டாம். மறுப்பே இல்லாத வாக்கியத்தை ஜெர்மனில் முதலில் மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். "என்னிடம் ஒரு புத்தகம் இருக்கிறது": 'இஹ் ஹாபெ ஐன் பூஹ்'. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'ஒரு' என்று பொருள்படும் ஐன் இருக்கிறதா? அதன் தலையில் ஒரு 'க்' வையுங்கள், கைன் ஆகிவிட்டது, வேலை முடிந்தது. பெயருக்கு முன்னால் எதுவுமே இல்லாமல் மொட்டையாக இருந்தாலும் கைன்தான். "எனக்கு நேரம் இருக்கிறது" என்பது 'இஹ் ஹாபெ ட்ஸைட்', இல்லாவிட்டால் 'இஹ் ஹாபெ கைனெ ட்ஸைட்'. மாறாக டேர், டீ, டஸ் (ஆங்கில 'தி' போலப் பெயருக்கு முன்னால் வருபவை) போன்ற சுட்டுச்சொல்லோ, மைன் (என்), டைன் (உன்) போன்ற உடைமைச்சொல்லோ, ஒருவரின் பெயரோ வந்துவிட்டால், அல்லது மறுக்கப்படுவது பெயர்ச்சொல்லே இல்லாமல் வினையோ பண்போ இடமோ என்றால், அங்கெல்லாம் நிஹ்ட்.

கைன் ஆண்பால், பெண்பால், அஃறிணைக்கு ஏற்ப வால் மாறும், அதில்தான் எல்லாரும் சறுக்குகிறோம். 'ஐன்' எப்படி மாறுகிறதோ அப்படியே 'கைன்' மாறும் என்பதால் புதிதாக எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை: பெண்பாலுக்குக் கைனெ, ஆண்பால் செயப்படுபொருளாக வந்தால் கைனென். ஒரே ஒரு கூடுதல், 'ஐன்' என்பதற்குப் பன்மை கிடையாது, 'கைன்' என்பதற்கு உண்டு, அதுவும் கைனெதான். பசி ஜெர்மனில் ஆண்பால், அதனால் "எனக்குப் பசியில்லை" என்பது 'இஹ் ஹாபெ கைனென் ஹுங்கெர்'. "எனக்கு ஒன்றும் தெரியாதப்பா" என்று கையை விரிக்க 'கைனெ ஆனுங்' என்ற இரண்டே சொல் போதும், வகுப்பில் முதல் நாளிலிருந்தே பயன்படும்.

கேள்வி: நிஹ்ட்டை வாக்கியத்தில் எங்கே வைப்பது? ஒரு புத்தகம் கடைசியில் என்கிறது, இன்னொன்று நடுவில் என்கிறது. குழப்பமாக இருக்கிறது.

பதில்: இரண்டு புத்தகமும் சரி. அதனால்தான் குழப்பம்.

முதலில் ஒரு தவறைத் தீர்த்துக்கொள்வோம். ஆங்கில வழியில் யோசிக்கிறவர்கள் மறுப்பை வினைக்கு முன்னால் கொண்டுபோய் 'இஹ் நிஹ்ட் ஃபெர்ஷ்டேயெ' என்கிறார்கள். சாதாரண வாக்கியத்தில் ஜெர்மன் வினை தன்னுடைய இரண்டாவது நாற்காலியை யாருக்கும் விட்டுக்கொடுக்காது, நிஹ்ட் அதற்குப் பின்னால்தான் எங்கோ வர வேண்டும். "எனக்கு அது புரியவில்லை" என்பது 'இஹ் ஃபெர்ஷ்டேயெ டஸ் நிஹ்ட்'. "அந்த ஆளை எனக்குத் தெரியாது" என்பது 'இஹ் கெனெ டேன் மன் நிஹ்ட்'. வாக்கியம் முழுவதையும் மறுக்கும்போது நிஹ்ட் இப்படிக் கடைசி வரை நகர்ந்து போகப் பார்க்கும். இது நமக்குப் புதிதே இல்லை. தமிழிலும் கடைசிச் சொல் வரும் வரை உண்டா இல்லையா என்று தெரியாதே. "நான் உன்னைக் காதலிக்க..." என்று ஒருவர் மூச்சு வாங்கினால் கேட்கிறவர் கதி என்ன? 'இஹ் லீபெ டிஹ்...' என்று நிறுத்தினாலும் அதே கதிதான், 'நிஹ்ட்' பின்னால் வந்துகொண்டிருக்கலாம்.

ஆனால் வாக்கியத்தின் கடைசி இடத்தைச் சில சொற்கள் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும். அவற்றைத் தள்ளிவிட நிஹ்ட்டால் முடியாது, அவற்றுக்கு முன்னால் வந்து நின்றுகொள்ளும். "இன்றைக்கு என்னால் வர முடியாது": 'இஹ் கன் ஹொய்ட்டெ நிஹ்ட் கொமென்', கடைசியில் இருப்பது கொமென். "எனக்கு அது தெரிந்திருக்கவில்லை": 'இஹ் ஹாபெ டஸ் நிஹ்ட் கெவுஸ்ட்'. 'அன்ரூஃபென்' (போன் செய்வது) போல இரண்டாகப் பிரிந்து போகும் வினையின் ஒட்டும் அப்படித்தான், "நான் உனக்கு போன் செய்ய மாட்டேன்" என்பதில் 'அன்' கடைசியில் தொங்கும்: 'இஹ் ரூஃபெ டிஹ் நிஹ்ட் அன்'. "அது நன்றாக இல்லை" என்பது 'டஸ் இஸ்ட் நிஹ்ட் கூட்', "நான் பெர்லினில் வசிக்கவில்லை" என்பது 'இஹ் வோனெ நிஹ்ட் இன் பெர்லின்'. வினையோடு சேர்ந்தால்தான் பொருள் முழுமையாகும் என்கிற பண்போ இடமோ எதுவானாலும் நிஹ்ட் அதற்கு முன்னால்.

இன்னொன்று இருக்கிறது, எனக்கு இதில் பிடித்ததே அதுதான். 'இஹ் கொமெ ஹொய்ட்டெ நிஹ்ட்' என்றால் "இன்றைக்கு நான் வரவில்லை". நிஹ்ட்டை ஒரு இடம் முன்னால் தள்ளி 'இஹ் கொமெ நிஹ்ட் ஹொய்ட்டெ' என்றால் "நான் வருவது இன்றைக்கு அல்ல" என்றாகிவிடும், கேட்பவர் அடுத்து 'ஸொன்டெர்ன் மோர்கென்' (நாளைக்கு) என்று வரும் என்று காத்திருப்பார். முன் கேள்வியில் கைவிட்ட 'அல்ல' இங்கே மட்டும் கச்சிதமாக உட்காருகிறது பாருங்கள். தமிழில் அல்ல, மறுக்கும் சொல்லுக்குப் பின்னால் வரும், நிஹ்ட் முன்னால் வரும், வித்தியாசம் அவ்வளவுதான். "இது அல்ல, அது" என்று திருத்தும் இடத்தில் ஜெர்மன்காரர் 'ஆபெர்' (ஆனால்) போடமாட்டார், 'ஸொன்டெர்ன்'தான் போடுவார்.

கேள்வி: ஆமாம் என்றால் யா, இல்லை என்றால் நைன். இது போதாதா? 'டொஹ்' என்று மூன்றாவதாக ஒன்று எதற்கு?

பதில்: இந்தக் கேள்விக்கு நான் ரயிலில் பதில் கற்றுக்கொண்டேன். ஜெர்மனியில் உள்ளூர் ரயில் ஒன்றில் டிக்கெட் பரிசோதகர் வந்தார். நான் பையின் அடியில் துழாவிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'ஹாபென் ஸீ கைனெ ஃபார்கார்டெ?' என்றார். "உங்களிடம் டிக்கெட் இல்லையா?" நான் அவசரமாக 'நைன், நைன்!' என்றேன். என் மனசுக்குள் ஓடியது, "இல்லை இல்லை, இருக்கு" என்ற தமிழ். அவர் காதில் விழுந்ததோ, "இல்லை, டிக்கெட் இல்லை" என்ற வாக்குமூலம். கையிலிருந்த கருவியைத் தட்ட ஆரம்பித்துவிட்டார், டிக்கெட் இல்லாமல் போனால் அங்கே அபராதம் 60 யூரோ. நான் மறுபடியும் பதறி 'நைன்!' என்று சொல்லச் சொல்ல அவர் இன்னும் வேகமாகத் தட்டுகிறார். பக்கத்தில் இருந்த பாட்டியம்மாதான் என் கையில் டிக்கெட் முளைத்ததைப் பார்த்துவிட்டு அவரிடம், 'டொஹ், டொஹ்!' என்றார். தட்டுவது நின்றது.

நடந்தது இதுதான். தமிழில் எதிர்மறைக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது நாம் கேட்டவருடைய எண்ணத்துக்குப் பதில் சொல்கிறோம். "நீ வரலையா?" என்றால், "ஆமா, வரலை" என்போம்; நீ நினைத்தது சரி என்று பொருள். வருவதாக இருந்தால் "இல்லையே, வர்றேனே" என்போம், நீ நினைத்தது தப்பு. ஜெர்மனில் கேட்டவர் என்ன நினைத்தார் என்பது கணக்கிலேயே வராது, உண்மை நிலை மட்டும்தான். 'கொம்ஸ்ட் டூ நிஹ்ட்?' (நீ வரவில்லையா?) என்ற கேள்விக்கு, வரவில்லை என்றால் 'நைன்', அதாவது தமிழில் நாம் "ஆமா" சொல்கிற இடத்தில். வருகிறேன் என்றால் அங்கே யா சொன்னால் கேட்பவர் குழம்புவார், எதற்கு யா என்று. அந்த ஓட்டையை அடைக்கத்தான் டொஹ். கேள்வியில் நிஹ்ட்டோ கைனோ இருந்து, உங்கள் பதில் அதற்கு எதிராக இருந்தால், வேறு யோசனையே வேண்டாம், 'டொஹ்'. கேள்வியில் மறுப்பு இல்லாவிட்டால் யா, நைன் போதும்.

டொஹ் என்பதற்குத் தமிழில் தனிச்சொல் இல்லை என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அது ஏற்பில்லை. "வர்றேனே!" என்பதில் கடைசியில் ஒட்டியிருக்கிற அந்த ஏகாரம் வேறென்ன? ஜெர்மன்காரர் விருந்தாளியிடம் 'கொமென் ஸீ டொஹ் ஹெரைன்' என்பார், வெறும் "உள்ளே வாருங்கள்" இல்லை, "உள்ளே வாருங்களேன்". 'கொம் டொஹ்!' என்பது "வாயேன்!" அந்த ஏன், அந்த ஏ எங்கெல்லாம் தமிழில் தானாக வருகிறதோ, அங்கெல்லாம் டொஹ் எட்டிப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. எல்லா இடத்திலும் பொருந்தும் என்று சொல்லவில்லை, தொடக்கத்தில் காது பழக இது நல்ல பிடி.

கேள்வி: தமிழில் 'ஆ' சேர்த்தால் கேள்வி. ஜெர்மனில் அப்படி எதுவும் இல்லையா?

பதில்: இல்லை. வினையைத் தூக்கி முதலில் போடுவதுதான் ஜெர்மனின் 'ஆ'. 'டூ கொம்ஸ்ட் ஹொய்ட்டெ' (நீ இன்று வருகிறாய்), 'கொம்ஸ்ட் டூ ஹொய்ட்டெ?' (நீ இன்று வருகிறாயா?). துணைக்கு வேறு வினையை அழைத்து வரும் ஆங்கிலப் பழக்கம் இங்கே கிடையாது, இருக்கிற வினையே எழுந்து முன்னால் வந்துவிடும், நிம்மதி. கேள்விச்சொல் இருந்தால் அதற்கு முதலிடம், வினை பழையபடி இரண்டாவது: 'வோ வோன்ஸ்ட் டூ?' (நீ எங்கே வசிக்கிறாய்?).

நமக்கு ஒரு இழப்பு உண்டு. "நீயா இன்றைக்கு வருகிறாய்?", "நீ இன்றைக்கா வருகிறாய்?", "நீ இன்றைக்கு வருகிறாயா?" என்று ஆவை இடம் மாற்றி ஒட்டி எதைக் கேட்கிறோம் என்று துல்லியமாகக் காட்டிவிடுவோம். ஜெர்மனில் மூன்றுக்கும் அதே 'கொம்ஸ்ட் டூ ஹொய்ட்டெ?' போதும், எந்தச் சொல்லில் குரலை அழுத்துகிறீர்கள் என்பதுதான் வித்தியாசம். எழுத்தில் அது தெரியாது, பேச்சில் தெரியும்.

"நீ வருகிறாய், இல்லையா?", "வருகிறாய்தானே?" என்று உறுதி செய்துகொள்ள வாக்கியத்தை அப்படியே சொல்லிக் கடைசியில் 'ஓடெர்?' சேருங்கள். 'டூ கொம்ஸ்ட் ஹொய்ட்டெ, ஓடெர்?' ஓடெர் என்றால் 'அல்லது'. "வருகிறாய், அல்லது?" என்று பாதியில் நிற்பது போலத் தோன்றும், அவர்களுக்கு அது முழு வாக்கியம்தான்.

கேள்வி: 'வேர்' என்றால் எங்கே என்று எழுதி மதிப்பெண் போயிற்று.

பதில்: போகத்தான் செய்யும். வேர் என்றால் யார், வோ என்றால் எங்கே. ஆங்கிலக் கேள்விச்சொற்களின் ஒலி மண்டையில் இருப்பதால் இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. எங்கிருந்து என்றால் வோஹேர், எங்கே நோக்கி என்றால் வோஹின். பெயர் கேட்க 'வஸ்' (என்ன) வேண்டாம், 'வீ ஹைசென் ஸீ?' என்று 'எப்படி' என்ற சொல்லால்தான் கேட்பார்கள். டூ, ஸீ நம்முடைய நீ, நீங்கள் மாதிரியே, அதில் உங்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. எதிரில் இருப்பவர் சொன்னது காதில் விழாவிட்டால் 'வஸ்?' என்று கேட்காதீர்கள், "என்னது?" என்று அதட்டுவது போல இருக்கும். 'வீ பிட்டெ?' என்றால் மரியாதை.

கேள்வி: "யாரும் வரவில்லை" என்பதற்கு 'நீமன்ட் கொம்ட் நிஹ்ட்' என்று எழுதினேன். ஏன் தவறு?

பதில்: ஏனென்றால் நீங்கள் எல்லாரையும் வரவழைத்துவிட்டீர்கள். தமிழில் "யாரும்" என்ற சொல்லில் மறுப்பு இல்லை, வினையில்தான் இருக்கிறது. ஜெர்மன் நீமன்ட் என்ற சொல்லுக்குள்ளேயே மறுப்பு அடங்கியிருக்கிறது, அதற்கு மேல் நிஹ்ட் சேர்த்தால் மறுப்பை மறுத்து "வராதவர் ஒருவரும் இல்லை" என்று போய்விடும். 'நீமன்ட் கொம்ட்', அவ்வளவுதான். எதுவும் இல்லை என்பது நிஹ்ட்ஸ், ஒருபோதும் இல்லை என்பது நீ. ஆமாம், நம் 'நீ' ஒலிக்கிற மாதிரியேதான். "நான் ஒருபோதும் புகைப்பதில்லை": 'இஹ் ரவுஹெ நீ'. ஒரு வாக்கியத்துக்கு ஒரு மறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேலதிகாரி 'ஸீ ம்யூஸென் மோர்கென் நிஹ்ட் கொமென்' என்று செய்தி அனுப்பினார். நாளைக்கு வரவே கூடாது என்று கோபமாகச் சொல்கிறாரா?

பதில்: கோபமே இல்லை, சலுகை. 'ம்யூஸென் நிஹ்ட்' என்றால் "வர வேண்டியதில்லை". வந்தாலும் யாரும் துரத்தமாட்டார்கள். ஆங்கிலத்தில் இதே போல் ஒலிக்கும் 'மஸ்ட் நாட்' தடை விதிப்பதால் வந்த பயம் இது. கூடாது என்று சொல்ல ஜெர்மனில் 'ட்யூர்ஃபென்' (அனுமதி இருப்பது) என்ற வேறு வினையோடு நிஹ்ட் சேர்ப்பார்கள், டார்ஃப் என்பது அதன் ஒரு வடிவம்: 'மன் டார்ஃப் ஹியர் நிஹ்ட் ரவுஹென்', இங்கே புகைபிடிக்கக் கூடாது. வேண்டியதில்லை, கூடாது என்று தமிழ் தெளிவாகப் பிரித்து வைத்திருப்பதால், இந்த இடத்தில் ஆங்கிலத்தை மறந்துவிட்டுத் தமிழிலிருந்து நேராகப் போனாலே சரியாக வரும். நாளைக்கு நன்றாகத் தூங்குங்கள்.

கேள்வி: "இன்னும் இல்லை", "இனிமேல் இல்லை" இரண்டும் எப்படி?

பதில்: இன்னும் இல்லை என்றால் 'நொஹ் நிஹ்ட்', இனிமேல் இல்லை என்றால் 'நிஹ்ட் மேர்'. சாப்பிட்டாயிற்றா என்று 'ஹஸ்ட் டூ ஷோன் கெகெஸென்?' எனக் கேட்டால் பதில் 'நொஹ் நிஹ்ட்'. நிஹ்ட் இருந்த இடத்தில் கைன் வந்தால், 'இஹ் ஹாபெ கைன் கெல்ட் மேர்', என்னிடம் பணம் தீர்ந்துவிட்டது.

கேள்வி: அடுத்த மாதம் ஏ1 (தொடக்க நிலை) தேர்வு. பேச்சுப் பகுதியில் கேள்வி கேட்கச் சொல்வார்களாமே, அதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

பதில்: கோதே இன்ஸ்டிட்யூட்டின் 'ஷ்டார்ட் டொய்ச் 1' தேர்வைச் சொல்கிறீர்கள். பேச்சுப் பகுதியில் மூன்று பாகம், முதலில் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், இரண்டாவதில்தான் இந்த விஷயம்: ஒரு தலைப்பும் ஒரு சொல்லும் எழுதிய சீட்டு வரும், அதை வைத்து நீங்கள் கூட இருக்கும் தேர்வரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவர் பதில் சொல்வார், பிறகு உங்கள் முறை வரும்போது நீங்கள் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவதில் எதையாவது தரும்படியோ செய்யும்படியோ வேண்டிக் கேட்பது.

சீட்டைப் பார்த்ததும் அழகான கேள்வியைத் தேடாதீர்கள். தலைப்பு உணவு, சொல் 'ப்ரோட்' (ரொட்டி) என்று வைத்துக்கொள்வோம். 'எஸ்ஸென் ஸீ கெர்ன் ப்ரோட்?' உங்களுக்கு ரொட்டி பிடிக்குமா, முடிந்தது. வினை முதலில், ஆள் அடுத்து, மிச்சம் பின்னால். அதே கேள்வி உங்களிடம் வந்தால் 'நைன்' என்று ஒற்றைச் சொல்லோடு நிற்காமல் 'நைன், இஹ் எஸ்ஸெ கைன் ப்ரோட்' என்று முழுதாகச் சொல்லுங்கள். வீட்டில் இதற்கு ஒரு பயிற்சி: கண்ணில் படும் பொருள் எதுவானாலும் அதை வைத்து ஒரு கேள்வி, அதற்கு மறுத்து ஒரு பதில், இரண்டையும் உரக்கச் சொல்லுங்கள். நாற்காலியைப் பார்த்து 'இஸ்ட் டஸ் ஐன் டிஷ்?' (இது மேசையா?), 'நைன், டஸ் இஸ்ட் கைன் டிஷ்'. வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும்.